ஒத்துக்கலையா, அலர்ஜியா? மும்பைத் தமிழ்ச் சமையலறைக்கு ஒரு கையேடு

பால் குடித்தால் வயிறு உப்புகிறது; ஒத்துக்கலை. இறால் தின்றால் உதடு வீங்குகிறது, ஒத்துக்கலை. சேனைக்கிழங்கு தொண்டையை அரிக்கிறது, அதுவும் ஒத்துக்கலை. இந்த ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று அரை மணி நேரத்தில் உயிரை எடுக்கக்கூடியது. ஒன்று வயிற்றைப் பிசைந்துவிட்டுப் போய்விடும். இன்னொன்றில் குற்றம் உடம்பின்மேல் இல்லவே இல்லை, மீன் விற்றவர் ஐஸ் போடாததில் இருக்கிறது. இப்போது "அலர்ஜி" என்ற சொல்லும் வந்துவிட்டது, ஆனால் அதையும் எல்லாவற்றுக்கும் பொதுவாகவே போட்டுவிடுகிறோம். விளைவு, பயப்பட வேண்டியவர்கள் "கொஞ்சமா சாப்பிட்டா பழகிடும்" என்று துணிகிறார்கள். பயப்படத் தேவையில்லாதவர்கள் பால், கோதுமை, பருப்பு என்று ஒவ்வொன்றாக விட்டு இளைத்துப்போகிறார்கள்.

எதையும் நிறுத்துவதற்கு முன் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். தின்று எவ்வளவு நேரத்தில் வந்தது? எவ்வளவு தின்றால் வருகிறது?

கடிகாரமும் அளவும்

அலர்ஜி என்பது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தவறான எச்சரிக்கை. உணவில் உள்ள ஒரு புரதத்தைப் பகையாக நினைத்து உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கும். அந்தப் புரதம் மறுபடி உள்ளே வந்ததும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். அதனால் வேகம் அதிகம்: பெரும்பாலும் சில நிமிடங்களில், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள். காணாக்கடி போலத் தடிப்புகள், உதடும் கண்ணிமையும் வீங்குவது, தொண்டை இறுகுவது, குரல் மாறுவது, இழுப்பு, வாந்தி, தலைசுற்றல். அளவு இங்கே பெரிய பொருட்டில்லை. கரண்டியில் ஒட்டியிருந்த சட்னியே போதும்.

ஒத்துக்காமை என்பது செரிமானக் கணக்கு. சர்க்கரை ஒன்றை உடைக்கும் நொதி குறைவாக இருக்கும், அல்லது உடையாத பொருள் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள கிருமிகளால் புளித்து வாயு ஆகும். உப்புசம், கடமுடா சத்தம், வயிற்றுப்போக்கு, எல்லாம் வயிற்றோடு நின்றுவிடும். தோல் தடிக்காது, மூச்சு முட்டாது. இதில் அளவுதான் எல்லாம். கால் டம்ளருக்கு ஒன்றும் ஆகாது, ஒரு டம்ளருக்கு ஆகும்.

மூன்றாவது சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் பட்டதும் உடம்பு தன் சிறுகுடலையே தாக்கிக்கொள்ளும். மணிக்கணக்கில் அளக்க முடியாத நோய் இது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வேலை செய்யும்.

நான்காவது, கெட்ட மீன். ஐந்தாவது, சேனை, சேம்பு வகையறா. கடைசியிலுள்ளதை இங்கேயே முடித்துவிடலாம். சேனையிலும் சேம்பு இலையிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிந்திருக்கும். அந்த ஊசி குத்துவதுதான் தொண்டை அரிப்பு. யார் தின்றாலும் அரிக்கும். நம் வீட்டில் சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைப்பதும், மராட்டியர்கள் அளு வடிக்கு இலையில் புளி தடவுவதும் ஒரே காரணத்துக்காகத்தான். வாய் அரித்ததோடு நின்றால் அலர்ஜி என்று எழுதி வைக்க வேண்டாம். அளு வடி தின்றபின் உடம்பெல்லாம் தடித்தால் மட்டும் அதிலுள்ள கடலை மாவையும் எள்ளையும் சந்தேகியுங்கள்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு விதிவிலக்கு கைக்குழந்தைகள். பாலோ, கஞ்சியோ கொடுத்து ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, குழந்தை வெளிறித் துவண்டு போனால் அதுவும் அலர்ஜி வகைதான். ஐஜிஇ சம்பந்தப்படாத வகை, தோலில் ஒன்றும் தெரியாது. அரிசிக் கஞ்சியில்கூட இது வரும் என்பதால் "சாதாரணக் கஞ்சிதானே" என்று விட்டுவிடுகிறார்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

முதல் வேலை: ஒரு நோட்டு

மூன்று வாரம் எழுதுங்கள். தின்ற நேரம், தின்ற பொருள், பிராண்டும் கடையும், அளவு, தொந்தரவு தொடங்கிய நேரம், என்ன தொந்தரவு. தடிப்பை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும் நேரத்தில் அது மறைந்திருக்கும்.

பலர் விட்டுவிடும் மூன்று விவரங்கள்தான் நோட்டில் மிக முக்கியமானவை. ஒன்று, கூடச் சாப்பிட்டவர்களுக்கும் வந்ததா? வந்திருந்தால் உணவு கெட்டது, அலர்ஜி இல்லை. இரண்டு, அன்று வலி மாத்திரை ஏதாவது போட்டீர்களா? மது அருந்தினீர்களா? மூன்று, சாப்பிட்டபின் ஓடினீர்களா? மூன்றாவது வேடிக்கையாகத் தோன்றலாம். கோதுமை அலர்ஜியில் ஒரு வகை உண்டு: சப்பாத்தி தின்று சும்மா உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது, சில மணி நேரத்துக்குள் ஓடினால் உடம்பு தடித்து மயக்கம் வரை போகும். டப்பாவை முடித்துவிட்டு தாதர் பாலத்தில் லோக்கலைப் பிடிக்க ஓடுபவருக்கு "தினமும் தின்கிறேன், ஒருநாள் மட்டும் ஏன்?" என்ற புதிர் இந்த நோட்டில்தான் அவிழும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென், மது ஆகியவையும் இதே வேலையைச் செய்யும்.

பால்: இங்கே குழப்பம் அதிகம்

பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 5 கிராம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. எருமைப் பாலிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான், அதனால் பசும்பாலுக்கு மாறினால் சரியாகிவிடும் என்பது வீண் நம்பிக்கை. லாக்டோஸ் செரிக்காத பெரியவர்களில் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை தாங்குவார்கள். அதாவது ஒரு பெரிய டம்ளர் பால். அதை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஃபில்டர் காபியில் 60 மில்லி பால் என்றால் 3 கிராம். கட்டிங் சாயில் அதைவிடக் குறைவு. ஆகவே காபியை விட வேண்டியதில்லை. மில்க் ஷேக்கில் 300 மில்லி பால் போனால் 15 கிராம், அங்கே மாட்டுவீர்கள். ஃபலூடா, ரப்டி, பாசுந்தி, மாவாவில் செய்த இனிப்பு ஆகியவை பாலைச் சுண்டக் காய்ச்சியவை, லாக்டோஸும் சுண்டியே இருக்கும். தயிரில் கிருமிகள் ஒரு பங்கைத் தின்றிருக்கும், மோர் இன்னும் எளிது. நெய்யில் ஏறக்குறைய இல்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. பெரியவர்களுக்கு மட்டும், தோல் தடிப்போ மூச்சுத் திணறலோ ஒருமுறைகூட வந்திருக்கக் கூடாது. இரண்டு வாரம் பால், இனிப்பு, ஐஸ்கிரீம், பால் பவுடர் போட்ட பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வயிறு அடங்கவில்லையென்றால் குற்றவாளி பால் இல்லை, பேசாமல் மறுபடி குடிக்கத் தொடங்குங்கள். அடங்கினால், ஒருநாள் விட்டு ஒருநாள் 60 மில்லி, 120, 240 என்று வெறும் பாலாகக் குடித்துப் பாருங்கள். எந்த அளவில் கடமுடா ஆரம்பிக்கிறதோ அதற்கு ஒருபடி கீழேதான் உங்கள் எல்லை. இந்த இரண்டாம் பாதியைப் பலர் செய்வதே இல்லை. நிறுத்தியதும் நன்றாக இருக்கிறது என்று ஆயுளுக்கும் நிறுத்திவிடுகிறார்கள், பிறகு கால்சியத்துக்கு மாத்திரை. மருத்துவமனையில் உறுதிப்படுத்த மூச்சுக்காற்றில் ஹைட்ரஜன் அளக்கும் சோதனை இருக்கிறது. லாக்டோஸ் கரைசலைக் குடித்தபின் ஹைட்ரஜன் 20 பிபிஎம் ஏறினால் செரிக்கவில்லை என்று பொருள்.

கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரங்களுக்கு யாருக்கும் பால் செரிக்காமல் போகலாம். குடல் ஆறியதும் திரும்பிவிடும். மழைக்கால வயிற்றுப்போக்கு ஒன்றை வைத்து "எனக்குப் பால் ஆகாது" என்று முடிவு கட்ட வேண்டாம்.

பால் அலர்ஜி முற்றிலும் வேறு. அங்கே பகை சர்க்கரை இல்லை, கேசீன், வே போன்ற புரதங்கள். லாக்டோஸ் நீக்கிய பாலில் அவை அப்படியே இருக்கும். ஏ2 பாலிலும் இருக்கும். பசும்பால் அலர்ஜி உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆட்டுப்பாலும் ஆகாது. "ஆட்டுப்பால் கொடுங்கோ, குளிர்ச்சி" என்று ஊரிலிருந்து வரும் ஆலோசனையை மரியாதையாகக் கேட்டுவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

கோதுமையா, வெங்காயமா?

ஊரில் மூன்று வேளையும் அரிசி தின்றவர்கள் மும்பை வந்து இரவில் சப்பாத்திக்கு மாறியதும் வயிறு ஊதினால் "குளூட்டன் அலர்ஜி" என்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஃபிரக்டன் என்ற மாவுப்பொருள்தான். அது கோதுமையில் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் அதைவிடத் தாராளமாக இருக்கிறது. வெங்காய மசாலாவில் மிதக்கும் சப்ஜியோடு சப்பாத்தி தின்றுவிட்டுப் பழியைச் சப்பாத்திமேல் மட்டும் போடுவது நியாயமில்லை.

இதைப் பிரித்துப் பார்க்க மும்பையில் ஒரு குறுக்கு வழி உண்டு, வேறு ஊரில் இவ்வளவு எளிதில்லை. இரண்டு வாரத்துக்கு வெளியே சாப்பிடும்போதெல்லாம் "ஜெயின்" என்று சொல்லிக் கேளுங்கள். வெங்காயமும் பூண்டும் இல்லாமல் வந்துவிடும். கோதுமையை அப்படியே வைத்திருங்கள். வயிறு அடங்கினால் சப்பாத்தி நிரபராதி. வீட்டில் பூண்டு மணம் வேண்டுமென்றால் எண்ணெயில் முழுப் பூண்டை வதக்கிப் பூண்டை எடுத்து எறிந்துவிடுங்கள். ஃபிரக்டன் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மணம் மட்டும் நிற்கும். சாம்பாரில் போட்டு வேகவைத்து எடுத்தெறிந்தால் பயனில்லை, அதற்குள் கரைந்திருக்கும். ராஜ்மா, சோலே போன்றவற்றை இரவு ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வாயு குறையும்.

ஆனால் எடை குறைந்துகொண்டே போகிறது, இரும்புச்சத்து மாத்திரைக்கும் ரத்தசோகை அடங்கவில்லை, குழந்தை வளரவில்லை என்றால் சீலியாக்கைப் பார்க்க வேண்டும். டிடிஜி-ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை, கூடவே மொத்த ஐஜிஏ. ஒரே ஒரு விதி: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டு எடுத்தால் முடிவு பொய்யாக "இல்லை" என்று வரும், பிறகு சில வாரம் மறுபடி கோதுமை தின்றுவிட்டுத்தான் எடுக்க முடியும்.

சீலியாக் உறுதியானால் துகள்கூட ஆகாது. ரவை, சேமியா, மைதா எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாதது பெருங்காயம். கட்டிப் பெருங்காயம், தூள் எதுவானாலும் கடையில் விற்பது பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்துப் பிசைந்த கூட்டுப் பெருங்காயம். ஒரு சிட்டிகை ரசம் முழுவதையும் கெடுத்துவிடும். அரிசி மாவில் செய்ததும் கிடைக்கிறது, பெட்டியின் பின்னால் படித்து வாங்குங்கள். இன்னொரு பொறி "தாலியா". மும்பைக் கடையில் குஜராத்திக்காரர் சொல்லும் தாலியா நம் பொட்டுக்கடலை. வடக்கத்தியர் சொல்லும் தலியா உடைத்த கோதுமை. உச்சரிப்பை நம்பாமல் கண்ணால் பார்த்து வாங்க வேண்டிய பொருள்.

வேர்க்கடலை: இந்த நகரத்தின் ஒளிந்த பொருள்

வேர்க்கடலை அலர்ஜி உள்ளவர் சென்னையில் பிழைப்பதைவிட மும்பையில் பிழைப்பது கடினம். மராட்டியச் சமையலில் அது நொறுக்குத்தீனியாக மட்டும் வருவதில்லை. நமக்குத் தேங்காய் எப்படியோ அப்படி. வறுத்துப் பொடித்த கூட் எல்லாவற்றின் மேலும் விழும்: கோஷிம்பிர், அளு பாஜி, பரலி வாங்கி, பல பச்சைக் காய்ப் பொரியல்கள். போஹாவில் வறுத்துப் போடுவார்கள். தேச்சாவில் மிளகாயோடு இடிப்பார்கள். வடா பாவின் காய்ந்த சிவப்புப் பூண்டுச் சட்னியில் பல கடைகளில் கூட் கலந்திருக்கும். குஜராத்தி தாலில் முழுதாக மிதக்கும். நம் உணவகங்களிலும் நிம்மதி இல்லை. பொட்டுக்கடலைச் சட்னி தீர்ந்த நாளில் வேர்க்கடலைச் சட்னி வரும், வெள்ளையாக இருப்பதால் தெரியாது. மலிவான காஜு கத்லியில் முந்திரியோடு வேர்க்கடலையைச் சேர்த்து அரைப்பதும் உண்டு.

விரத நாள் மெனு ஒரு விசித்திரம். சாபுதானா, ராஜ்கிரா, சிங்காடா மாவு, பகர் என்று கோதுமையே இல்லாத உபவாச உணவு, சீலியாக் உள்ளவருக்கு நல்ல வாய்ப்பு. அதே தட்டு வேர்க்கடலை ஆகாதவருக்குக் கண்ணி. சாபுதானா கிச்சடியும் வடையும் கூட் இல்லாமல் கிடையாது. சாபுதானா வடை பொரித்த அதே எண்ணெயில்தான் பக்கத்து உருளைக்கிழங்கு வடையும் பொரிகிறது.

பேச்சிலும் சிக்கல். தமிழில் "கடலை" என்றால் வேர்க்கடலையும் ஆகும், கொண்டைக்கடலையும் ஆகும், கடலைப்பருப்பும் ஆகும். குழந்தையின் பள்ளிக்கும் பக்கத்து வீட்டுக்கும் வெறும் "கடலை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். இந்தியில் மூங்ஃபலி, மராத்தியில் ஷேங்தாணே, குஜராத்திக் கடையில் சிங், சிங்தானா. சனா என்றால் அது வேறு பருப்பு. வேர்க்கடலை ஆகாதவருக்குச் சனாவும் ஆகாது என்று கட்டாயமில்லை. சனா அலர்ஜி தனியாகவே நம் நாட்டில் காணப்படுகிறது. கடையில் "மூங்ஃபலி ஹை க்யா?" என்று மட்டும் கேட்டால் வடைக்காரர் "நஹீ" என்பார், கூட் அவருக்கு மூங்ஃபலியாகவே தோன்றாது. இப்படிக் கேளுங்கள்: "மூங்ஃபலி சே எலர்ஜி ஹை, ஹாஸ்பிடல் ஜானா படேகா. சட்னி மே கூட் டாலா ஹை?" மராத்தியில், "ஷேங்தாண்யாச்சீ அலர்ஜி ஆஹே, கூட் காத்லய் கா?" ஹாஸ்பிடல் என்ற சொல்லைச் சேர்த்தால்தான் பிடிக்காமல் சொல்கிறோம் என்று நினைக்கமாட்டார்கள். பதில் சொல்பவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தால் நம்பலாம். யோசிக்காமல் "குச் நஹீ ஹை" என்றால் எழுந்துவிடுங்கள்.

எண்ணெய் விஷயம்: நன்கு சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருப்பதில்லை. ஊரிலிருந்து வரும் செக்கு எண்ணெயில் இருக்கும். அலர்ஜி உள்ள வீட்டில் செக்குக் கடலெண்ணெய் வேண்டாம்.

இறால், மீன்

இறாலின் அலர்ஜிப் புரதம் ட்ரோப்போமயோசின், சூட்டுக்கு அசையாது. எவ்வளவு பொரித்தாலும் அப்படியே இருக்கும், வேகும் ஆவிகூடச் சிலருக்கு இழுப்பைக் கொண்டுவரும். நண்டிலும் அதே குடும்பப் புரதம் என்பதால் இரண்டையும் சேர்த்தே நிறுத்துவது வழக்கம். கவனிக்க வேண்டியது ஜவ்லா, அதாவது கூனி இறால் கருவாடு. கடற்கரை வீடுகளின் சட்னியிலும் கத்தரிக்காய்க் குழம்பிலும் தூளாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இறால் ஆகாதவருக்கு மீனும் ஆகாது என்றில்லை, மீனின் புரதம் வேறு. ஆனால் ஒரே சட்டியில் பொரித்தால் வேறுபாடு இல்லாமல் போகும்.

அந்த நான்காவது சங்கதி இங்கே வருகிறது. பாங்கடா எனப்படும் அயிலை, சுர்மை எனப்படும் வஞ்சிரம், சூரை, மத்தி போன்றவற்றை ஐஸில்லாமல் வெயிலில் வைத்தால் சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியில் உடம்பு கொட்டும் அதே பொருள், தட்டிலேயே தயாராக வந்துவிடுகிறது. முகம் சிவக்கும், தலை வலிக்கும், தடிக்கும், நாக்கில் மிளகு போலச் சுரீரென்று இருக்கும். வறுத்தாலும் போகாது, ஃப்ரிட்ஜில் பிறகு வைத்தாலும் போகாது. சேர்ந்து தின்றவர்களுக்கும் வந்தது, இதே மீன் முன்பு பலமுறை ஒத்துக்கொண்டது என்றால் மீனை விடாதீர்கள், அந்தக் கடையை விடுங்கள்.

எந்தப் பரிசோதனை, எது வேண்டாம்

தோல் குத்துப் பரிசோதனையில் முன்கையில் துளி விட்டு லேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிடத்தில் தடிப்பை அளப்பார்கள். 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பாசிட்டிவ். செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், மருத்துவரைக் கேட்டு. ரத்தத்தில் குறிப்பிட்ட ஐஜிஇ பார்ப்பதும் உண்டு, 0.35 என்பது வழக்கமான கோடு. இரண்டிலும் ஒரு சூட்சுமம்: நெகட்டிவ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம், பாசிட்டிவ் வந்தால் பாதிக்குப் பாதிதான். அந்த உணவைத் தினமும் சுகமாகத் தின்பவருக்கும் பாசிட்டிவ் வரும். ஆகவே நோட்டில் சந்தேகப்பட்ட உணவுக்கு மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முப்பது பொருளுக்கு ஒன்றாகப் பார்த்தால் நன்றாக ஒத்துக்கொண்டிருந்த பத்துப் பொருளை இழப்பீர்கள். கடைசித் தீர்ப்பு, மருத்துவமனையில் கண்காணிப்போடு சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்ப்பதுதான். வீட்டில் செய்யும் காரியம் இல்லை.

"200 உணவு ஒத்துக்காமை பரிசோதனை" என்று வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது பெரும்பாலும் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்ப்பதற்கு. அந்த உணவை நீங்கள் தின்றிருக்கிறீர்கள் என்பதை மட்டுமே அது காட்டும். நோயைக் கண்டுபிடிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது. முடியை அனுப்பிப் பார்ப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பாக்கெட்டின் பின்புறம்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி பாக்கெட்டில் தனியாகக் குறிப்பிட வேண்டியவை: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலுமான சல்ஃபைட். எள், கடுகு, கடலை மாவு இந்தப் பட்டியலில் இல்லை. அவை ஆகாதவர்கள் "கன்டெயின்ஸ்" வரியோடு நிறுத்தாமல் முழு இன்கிரீடியன்ட்ஸையும் படிக்க வேண்டும். "மே கன்டெயின்" என்பதைச் சும்மா எழுதியது என்று நினைக்காதீர்கள். ஒரே எந்திரத்தில் ஓடியது என்று பொருள். பச்சைப் புள்ளி பாலைத் தடுக்காது, பால் சைவக் கணக்கில்தான் வரும். வழக்கமாக வாங்கும் பிஸ்கட்டையும் ஒவ்வொரு முறையும் படியுங்கள், செய்முறை மாறிக்கொண்டே இருக்கும். உலர்திராட்சை, உலர் ஆப்ரிகாட்டில் நிறம் நிற்கச் சல்ஃபைட் போடுவார்கள், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வரலாம்.

நிலைமை முற்றினால்

தோல் தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்முதல், விடாத வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அது அனஃபிலாக்சிஸ். தெரிந்த அலர்ஜிப் பொருளைத் தின்றபின் மூச்சுத் திணறலோ மயக்கமோ மட்டும் வந்தாலும் அதுதான். தோல் தடிக்கக் காத்திருக்க வேண்டாம்.

1. அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில், தசைக்குள். உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 1 மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் (சிறு மருந்துக் குப்பியில்) 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லி, பெரியவருக்கு 0.5 மில்லி வரை. பிட்டத்தில் வேண்டாம், ரத்தக்குழாயில் கூடவே கூடாது.
2. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு இரைத்தால் மட்டும் காலை நீட்டி உட்காரவைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். சட்டென்று எழுந்ததில் இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. லிஃப்ட் இல்லாத சால் கட்டடமென்றால் பெட்ஷீட்டில் படுத்தபடியே நான்கு பேர் தூக்குங்கள்.
3. 108 அல்லது 112. "அனஃபிலாக்சிஸ், சாங்ஸ் நஹீ ஆ ரஹீ" என்று சொல்லுங்கள்.
4. 5 நிமிடத்தில் தெளிவு வரவில்லையென்றால் இரண்டாவது ஊசி.
5. தெளிந்தாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் இருக்கவேண்டும். அடங்கியது மறுபடி எழுவதுண்டு.

செட்ரிசின் அரிப்பை அடக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நிமிடங்கள்தான் பல சாவுக்குக் காரணம். ஊசி கையில் இல்லையென்றால் தெரு முனை கிளினிக்கைத் தேடாமல் நேரே பக்கத்திலுள்ள பெரிய அவசரப் பிரிவுக்கு: சயான் மருத்துவமனை, பரேல் கே.இ.எம்., மும்பை சென்ட்ரல் நாயர் என்று உங்களுக்கு அருகில் எது என்பதை இன்றே பார்த்து வையுங்கள். வெளிநாட்டில் கிடைக்கும் பேனா போன்ற ஊசி நம் மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் சிரிஞ்சும் கொடுத்து, எடுக்கும் விதத்தை மருத்துவரே கற்றுத்தர வேண்டும். உங்கள் அளவைச் சிரிஞ்சில் கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலின் சிரிஞ்சின் ஊசி தசை வரை எட்டாது. ஆம்பூலை ஃப்ரிட்ஜில் வைக்காமல், வெளிச்சமும் வெக்கையும் படாத இடத்தில் வையுங்கள். பழுப்பேறினால் தூக்கி எறியுங்கள்.

குழந்தைகள்

பயந்துபோய் வேர்க்கடலையைத் தள்ளிப்போடுவது எதிர்விளைவைத் தரும். 2015இல் வெளியான லீப் ஆய்வில், அலர்ஜி வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு முதல் வயதிலேயே கொடுத்துத் தொடர்ந்தபோது வேர்க்கடலை அலர்ஜி ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. ஆறு மாதம் ஆனதும் நைசாக அரைத்த வேர்க்கடலை விழுதைக் கஞ்சியில் கரைத்து முதல் நாள் கால் ஸ்பூன், ஒத்துக்கொண்டால் மெல்லக் கூட்டி 2 ஸ்பூன் வரை, வாரம் மூன்று முறை. முழுக் கடலை ஐந்து வயதுவரை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். கடுமையான எக்ஸிமா என்ற தோல் அழற்சியோ முட்டை அலர்ஜியோ ஏற்கெனவே இருந்தால் மட்டும் மருத்துவரைப் பார்த்தபின் தொடங்குங்கள்.

அலர்ஜி உறுதியான குழந்தைக்கு "கொஞ்சமா கொடுத்துப் பழக்கு" என்பது வேறு கதை. அப்படிப் பழக்கும் சிகிச்சை உண்டு. மில்லிகிராம் கணக்கில், மருத்துவர் கண்ணெதிரில். பால், முட்டை அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். வேர்க்கடலை ஐந்தில் ஒருவருக்குத்தான் போகும், இறால் பெரும்பாலும் தங்கிவிடும். அதனால் பால், முட்டைக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பரிசோதியுங்கள். நான்கு வயதில் போய்விட்ட அலர்ஜிக்காகப் பத்து வயதுவரை பிறந்தநாள் கேக்கை மறுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

பள்ளி டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுங்கள், இந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றிலும்: பெயர், ஆகாத பொருள், ஊசி எந்தப் பையில் இருக்கிறது, கடைசியாக எடுத்த எடை எத்தனை கிலோ. எடையை ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும்போது மாற்றி எழுதுங்கள். ஊசியின் அளவு அதைப் பொறுத்தது.